வெள்ளிச் சீவல்

வெள்ளியக்காவுக்குப் பொறாமை அதிகம். இதை யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். கீழ் வீட்டில் குடியிருக்கும் நாத்தனாரின் குழாயில் தண்ணீர் வேகமாகக் கொட்டுகிறது, மாடியில் தன் வீட்டில் நூலாக ஒழுகுகிறது என்பதற்காக, அந்த நாத்தனாரோடு ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பென்சிலை எடுத்து, தொட்டியையும் குழாயையும் வரைந்து, கீழே போகப் போகத் தண்ணீரின் அழுத்தம் கூடும் என்று பொறுமையாக விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "அதெல்லாம் சரி, உங்க தங்கச்சிக்கு மட்டும் எப்படிக் கீழ் வீடு கெடைச்சுது?"

மற்றவர்கள் பொறாமையை மூடி மறைக்கவே பாதி ஆயுளைச் செலவழிக்கிறார்கள். இவள் மறைத்ததில்லை. பொறாமைப்படுவாள், முணுமுணுப்பாள், பிறகு அந்தக் கோபத்தையும் சேர்த்து வேலையில் போடுவாள். அப்படிப் போட்டுப் போட்டுத்தான் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளைப்போலச் சீவ ஆளில்லை என்ற பெயரை வாங்கினாள்.

சீவுவதுதான் அவள் வேலை. நிலையத்தின் தரைத்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், ஆளுயர எலக்ட்ரான் நுண்ணோக்கி ஒன்று இருக்கிறது. அதில் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் அது ஒளி ஊடுருவும் அளவுக்கல்ல, எலக்ட்ரான் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். அதற்காக உயிருள்ள செல்களை முதலில் ஒரு காரமான மருந்தில் போட்டு அசையாமல் செய்வார்கள். பிறகு பிசினில் ஊற்றி, வேகவைத்து, சுண்டுவிரல் நகத்தளவு ப்ளாக்காக இறுக்குவார்கள். அந்த ப்ளாக்கைச் சீவும் மெஷினில் பொருத்தி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கண்ணாடிக் கத்தியால் சீவ வேண்டும். ஒரு தலைமுடியின் தடிமனை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு சீவல்.

இவ்வளவு மெல்லிய சீவலைக் கையால் தொட முடியாது. கத்தியை ஒட்டி ஒரு துளித் தண்ணீர் நிற்கும்; அதன்மேல் மிதந்து வரும். மழைத் தண்ணீரில் எண்ணெய் சிந்தினால் நிறம் தெரிகிறதே, அதே சங்கதிதான் இங்கேயும். ஊதா நிறம் தெரிந்தால் தடிமன். பொன்னிறம் என்றால் பரவாயில்லை. வெள்ளி நிறம் என்றால் கச்சிதம். அவள் கையில் எப்போதும் வெள்ளிதான் வரும், அதனால் வெள்ளியக்கா. புதிதாக வருகிறவர்கள் அவள் வெள்ளிக்கிழமை மட்டும் வேலைக்கு வருகிறவள் என்று நினைத்துக்கொண்டு மற்ற நாட்களில் தேடாமல் இருந்ததும் உண்டு.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் அங்கே சேர்ந்தது குடுவை கழுவும் வேலைக்கு. முதல் வாரத்திலேயே ஆறு குடுவைகளை உடைத்தாள். சீவும் வேலையில் இருந்தவர் அப்போதுதான் வேறு இடம் கிடைத்துப் போயிருந்தார். பேராசிரியர் எரிச்சலில், "உடைக்கிறதையாவது உருப்படியா உடை" என்று சொல்லித் தடித்த கண்ணாடிப் பட்டை ஒன்றை அவள் கையில் கொடுத்தார். கண்ணாடிக் கத்தி என்பது தீட்டிச் செய்வதல்ல. பட்டையைக் கீறி, இடுக்கியில் அழுத்தி, பொறுமையாக உடைத்துச் செய்வது. உடைந்த விளிம்புதான் கூர். அவள் உடைத்த முதல் பட்டையே ரம்பப் பல் விழாத நேர் விளிம்பாக வந்தது. உடைத்ததற்காகத் திட்டு வாங்கியவள் உடைத்ததற்காகவே சம்பள உயர்வு வாங்கினாள். இதை அவள் கணவர் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் சீவிய ஒரு சீவலிலிருந்துதான் அந்தப் படம் வந்தது. தூசி பட்டால் நமக்குத் தும்மல் வருவதற்கு உடம்பில் ஒரு வகைச் செல் காரணம். லேபில் அதைத் தும்மல் செல் என்பார்கள். அதற்குள்ளே நூற்றுக்கணக்கான குட்டிப் பைகள், பை முழுக்க அரிப்பும் தும்மலும் உண்டாக்கும் சரக்கு. ஒவ்வொரு பைக்கும் ஒரு சவ்வு, மொத்தச் செல்லுக்கும் வெளியே ஒரு சவ்வு. வேளை வந்ததும் பையின் சவ்வும் செல்லின் சவ்வும் ஒட்டி, ஒன்றாகி, வாய் திறந்து, சரக்கு வெளியே கொட்டும். செல் கிழிந்து நாசமாகாமல் இரண்டு சவ்வு எப்படி ஒரு சவ்வாகிறது? பேராசிரியர் தம் வாழ்நாள் முழுக்க இந்த ஒரு கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுதவர்.

வெள்ளியக்காவின் படத்தில் அதற்கு விடை இருந்தது. பை வெளிச்சவ்வோடு முகத்தை அழுத்திக்கொண்டு நின்றது. பைக்கும் வெளிக்கும் நடுவே இருக்க வேண்டிய இரண்டு கோடுகள் அங்கே இல்லை; ஒரே ஒரு மெல்லிய கோடு. முதலில் இரண்டும் சேர்ந்து ஒற்றைத் திரையாகின்றன, பிறகு அந்தத் திரை கிழிந்து வாய் திறக்கிறது என்று பேராசிரியர் எழுதினார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். படத்தை இரண்டு கை விரித்த அகலத்துக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு நடைவழியில் மாட்டினார்கள், அடியில் பேராசிரியர் பெயரோடு. பார்க்க வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று மூக்கில் விரல் வைப்பார்கள். அந்த நேரம் பார்த்து வெள்ளியக்காவுக்கு நடைவழியில் ஏதாவது வேலை இருக்கும்.

இப்போது பேராசிரியர் ஓய்வு பெறப்போகிறார். போவதற்கு முன்னால் ஒரு பாடப்புத்தகம். அட்டையில் அந்தப் படம்தான் என்று முடிவாகியிருந்தது. "உள்பக்கத்துல உங்க பேரும் வரும்மா. சீவி எடுத்தவர்னு போட்டு" என்று அவரே கூப்பிட்டுச் சொன்னார். அவள் பெயர் அதுவரை அச்சில் வந்தது ஒரே தடவை, கல்யாணப் பத்திரிகையில். அதிலும் ஓர் எழுத்துப் பிழை. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே போனாள்.

இப்படி எல்லாம் கூடி வந்த வேளையில்தான் ஐஸ்காரி வந்து சேர்ந்தாள்.

முப்பது வயசு இருக்கும். வேறொரு நிலையத்திலிருந்து ஒரு மெஷினை மூன்று மாதக் கடனாக வாங்கிக்கொண்டு வந்திருந்த ஆராய்ச்சியாளர். மருந்தில் போடாமல், செல்களை அப்படியே கண்மூடித் திறப்பதற்குள் உறைய வைக்கிற மெஷின். பயங்கரமாகக் குளிரூட்டிய செம்புக் கட்டியின்மேல் செல்களைத் தொப்பென்று விழ வைத்தால், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் நின்ற இடத்தில் நின்றுவிடும். பிறகு மெதுவாகப் பிசின் ஏற்றி, வழக்கம்போல ப்ளாக் ஆக்கிக்கொள்ளலாம். அதனால்தான் ஐஸ்காரி. அந்தப் பெயரை வைத்தது வெள்ளியக்கா என்று சொல்லத் தேவையில்லை.

வந்த முதல் நாளே அவள் நடைவழிப் படத்தின் முன்னால் நின்றாள். மூக்கில் விரல் வைக்கவில்லை.

"சார், மருந்து உள்ள போய்ச் செல்லை நிறுத்தறதுக்குச் சில நொடி ஆகுது. அந்தச் சில நொடியில சவ்வு எங்க வேணா நகரும். இந்தத் திரை செல்லு பண்ணினதா, மருந்து பண்ணினதா? உறைய வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

பேராசிரியர் கோபப்படுவார் என்று வெள்ளியக்கா எதிர்பார்த்தாள். அவரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பாத்துடலாமே. புத்தகம் அச்சுக்குப் போக மூணு மாசம் இருக்கு. தப்புன்னா அட்டையை மாத்திடலாம்" என்றார். ஏதோ சட்டையை மாற்றுவதுபோலச் சொன்னார். வெள்ளியக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அதன்பிறகு ஐஸ்காரியிடம் எதைப் பார்த்தாலும் எரிந்தது. பேராசிரியர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். காவல்காரர் அவளுக்கு மட்டும் பின்வாசலைத் திறந்துவிட்டார். போதாததற்கு, இமை முடி. தண்ணீரில் மிதக்கும் சீவல்களை ஒதுக்கிச் சேர்க்க இந்த வேலையில் ஓர் இமை முடியைத்தான் குச்சி நுனியில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள். அவ்வளவு மென்மையான கருவி கடையில் கிடைக்காது. வெள்ளியக்காவின் இமை வயசோடு உதிர்ந்து குட்டையாகிவிட்டது. ஐஸ்காரி ஒரு நாள் தன் இமையிலிருந்து நீளமாக, அழகாக வளைந்த முடி ஒன்றைப் பிடுங்கி, "இது சரியா இருக்குமாக்கா?" என்று நீட்டினாள். சரியாகத்தான் இருந்தது. அதுதான் வெள்ளியக்காவுக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் ஐஸ்காரிக்குச் சீவ வராது. அதை அவளே சொன்னாள். "பழைய இடத்துல எனக்குச் சீவிக் கொடுக்க ஒருத்தர் இருந்தார். இங்க நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா வந்தேன். உங்க கை தப்பு பண்ணாதுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்று முதல் ப்ளாக்கைக் கொடுத்தாள். "ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கோங்கக்கா. செம்புல பட்ட மேல்பக்கம்தான் நல்லா உறைஞ்சிருக்கும். முதல் வரிசைச் செல்லு மட்டும். அதுக்குக் கீழ மெதுவா உறைஞ்சு ஐஸ் கட்டி செல்லைக் கிழிச்சிருக்கும். அதனால மேலேயே நிறுத்திடுங்க."

"சரிங்க மேடம்" என்றாள் வெள்ளியக்கா.

"மேடம் எல்லாம் வேண்டாமே."

"சரிங்க மேடம்."

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இருபத்து மூன்று வருஷமாக வெள்ளியக்கா சீவியதெல்லாம் மருந்தில் போட்ட ப்ளாக். அதில் மேல்பக்கம் எப்போதும் அடிபட்டு நசுங்கியிருக்கும். நல்ல செல் நடுவில்தான். எனவே ப்ளாக்கைப் பொருத்தியதும் கைப்பிடியை இருபது சுற்றுச் சுற்றி மேல்பக்கத்தை எறிந்துவிட்டு, அதற்கப்புறம்தான் சீவலை எடுப்பாள். யோசித்துச் செய்வதல்ல அது. செருப்பு மாட்டுவதுபோலத் தானாக நடப்பது. ஐஸ்காரியின் முதல் ப்ளாக்கிலும் அவள் கை அதையே செய்தது. இருபது சுற்றில் ஒரு தலைமுடியின் தடிமனில் கால்வாசி போய்விடும். நன்றாக உறைந்த பகுதியோ அதிலும் பாதி இருந்தால் அதிகம்.

மறுநாள் ஐஸ்காரி நுண்ணோக்கியில் பார்த்தபோது செல்லெல்லாம் பூச்சி அரித்த துணியாக ஓட்டை ஓட்டையாக இருந்தது. "மெஷின்லதான் கோளாறு. செம்பு சரியாக் குளிரலை போல" என்று தானே காரணத்தையும் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளியக்காவுக்கு உண்மை உறைத்தது சாயங்காலம் பஸ்ஸில். கை தானாகச் சுற்றுகிறதே, அந்த இருபது சுற்று! தூக்கிவாரிப் போட்டது. நாளைக்குக் காலையில் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள். காலையில் போனால் பேராசிரியர் நடைவழியில் படத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். "மெஷின் சொதப்புது போலம்மா. அப்போ உங்க படம்தான் அட்டைக்கு" என்று சிரித்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

ஒரு ப்ளாக் தயாராக இரண்டு வாரமாகும். இரண்டாவது ப்ளாக் வந்தது. இந்த முறை கை தானாகச் சுற்றவில்லை. எண்ணி எண்ணி இருபது சுற்றுச் சுற்றினாள். மேலே இருந்த முதல் வரிசைச் செல்கள் தண்ணீரில் தூள் தூளாக மிதந்தன. பஞ்சால் ஒற்றிக் குப்பையில் போட்டாள். யார் கேட்கப் போகிறார்கள்? கேட்டாலும் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கப்புறம் எடுத்த சீவலோ அப்பழுக்கில்லாத வெள்ளி. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

மூன்றாவதும் அப்படியே. நான்காவதும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் ஐஸ்காரி ஓட்டைகளைப் பார்த்துவிட்டு மெஷினைக் கழற்றுவாள். செம்புக் கட்டியை எடுத்துக் கண்ணாடிபோலத் தேய்த்து மறுபடி மாட்டுவாள். "சீவல் என்னமோ சூப்பரா இருக்குக்கா. என் பக்கம்தான் தப்பு" என்பாள். பேராசிரியர் அவளைப் பார்க்க வருவது குறைந்தது. காவல்காரர் பின்வாசலைத் திறக்க மறந்தார். வெள்ளியக்காவுக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூக்கம் வந்தது. நியாயமாகப் பார்த்தால் வரக்கூடாது, ஆனால் வந்தது.

ஐந்தாவது ப்ளாக் வந்தபோது அவளுக்கு ஒரு யோசனை. மருந்து இல்லாமல் உறைந்த செல்லிலும் தன் திரை இருந்தால்? ஐஸ்காரியின் மெஷினே தன் படத்துக்குச் சாட்சி சொன்னால்? அதைவிடப் பெரிய வெற்றி என்ன இருக்கிறது? ஓட்டைப் படங்களால் தன் படம் பிழைத்துக் கிடப்பதைவிட, ஜெயித்துப் பிழைப்பது கௌரவம். அதனால் இந்த முறை, சுற்றுவதற்கு முன்னால், கறுப்பாகச் செல் எட்டிப் பார்த்த அந்த முதல் இடத்தில் நிறுத்தினாள். கத்தியைப் புதிதாக உடைத்துப் பொருத்தினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவினாள். தண்ணீரில் பதினாலு சீவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பிசிறில்லாமல், ரிப்பன்போல நீண்டன. வெள்ளி என்றால் வெள்ளி, அப்படி ஒரு வெள்ளி. அவள் வாழ்நாளில் சீவியதிலேயே அதுதான் உசத்தி. ஐஸ்காரியின் இமை முடியால் அவற்றைச் சேர்த்து, பொட்டளவுள்ள செம்பு வலையில் ஏந்தி, தன் மேசை டிராயரில் வைத்தாள். அதற்கப்புறம் இருபது சுற்று. ஐஸ்காரிக்குக் கொடுத்தது அதற்குக் கீழே இருந்ததை.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் நுண்ணோக்கி அறைக்குள் நுழைந்து வலையை உள்ளே செலுத்தினாள். பச்சை வெளிச்சத்தில் செல் எழுந்து வந்தது. ஓட்டை இல்லை, கிழிசல் இல்லை. பைகள் தளதளவென்று இருந்தன. விளிம்போரமாக நகர்த்திக்கொண்டே போனாள். ஒரு பை, வெளிச்சவ்வுக்குப் பக்கத்தில். நடுவில் தெளிவான இடைவெளி. இரண்டு சவ்வும் தனித்தனியாக. அடுத்த பை திறந்திருந்தது. குடத்துக்குக் கழுத்து இருப்பதுபோல ஒரு குறுகலான கழுத்து. வெளிச்சவ்வு அப்படியே வளைந்து உள்ளே இறங்கிப் பையின் சவ்வாக ஓடியது, எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி. திரை இல்லை.

அடுத்தது பார்த்தாள். அதற்கடுத்தது. பதினாலு சீவல்களிலும் நாற்பதுக்கு மேல் பார்த்தாள். ஒன்று மூடியிருந்தது, இல்லாவிட்டால் திறந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒற்றைத் திரையோடு நின்ற பை ஒன்றுகூட இல்லை. மருந்து மெதுவாக உள்ளே இறங்கிய அந்தச் சில நொடியில் சவ்வுகள் நகர்ந்து, அழுந்தி, ஒன்றோடொன்று அப்பிக்கொண்டதுதான் அந்தத் திரை. பதினோரு வருஷமாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது செல்லின் வேலை அல்ல, மருந்தின் வேலை.

ஒரு கழுத்தை மட்டும் படம் எடுத்தாள். நுண்ணோக்கியை அணைத்தாள். வலையைச் சின்னப் பெட்டியில் போட்டு, படத்தோடு சேர்த்து மறுபடி டிராயருக்குள் வைத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவர் சட்டைப் பித்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். அவள் சுற்றிச் சுற்றி வந்து, எங்கெங்கோ தொடங்கி, எதையும் முடிக்காமல் இருப்பதைப் பார்த்து, "என்ன, சவ்வு மாதிரி இழுக்கறே? விஷயத்தைச் சொல்லு" என்றார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. எல்லோரும் சொல்கிற பேச்சுதான். அவளுக்குச் சுருக்கென்றது.

"வேற ஒருத்தருக்குக் கெட்ட பேர் வரட்டும்னு நீங்க எந்த லிஃப்ட்லயாவது ஒரு நட்டை லூசா விட்டிருக்கீங்களா?"

"ஆளு ஏறுற பெட்டிம்மா அது. அதுல போய் வெளையாடுவாங்களா?" ஊசியை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். "இப்போ யாரு மேல பொறாமை?"

"யாரு மேலயும் இல்ல."

"அப்போ பெரிசா ஏதோ இருக்கு" என்று சொல்லி மறுபடி தைக்க ஆரம்பித்தார்.

ஆறாவது ப்ளாக்கிலும் அவள் இருபது சுற்றுச் சுற்றினாள். உண்மை தெரிந்த பிறகும் சுற்றினாள். முதல் ப்ளாக் பழக்கம். நடுவில் வந்தவை பொறாமை. இதற்கு என்ன பெயர் சொல்வது என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. மெஷினை ஏற்றிப்போக வண்டி சொல்லியாகிவிட்டது. புத்தக அட்டையின் மாதிரிப் பிரதி அச்சகத்திலிருந்து வந்து பேராசிரியர் மேசைமேல் கிடந்தது. தன் படம், வழுவழுப்பான தாளில், நீலப் பின்னணியில். அவர் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். இந்த நாளுக்காகத்தானே இவ்வளவும்? ஆனால் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. கோடுகள் மங்கல். பை நசுங்கியிருக்கிறது. சீவலும் அப்படியொன்றும் வெள்ளி இல்லை, லேசாகப் பொன். டிராயரில் கிடக்கிறதே அதற்குப் பக்கத்தில் இது நிற்குமா? இருந்தும் இது அட்டையில் உட்கார்ந்திருக்கிறது, அது இருட்டில் கிடக்கிறது. வெள்ளியக்காவுக்குத் தன் படத்தின்மேலேயே பொறாமை வந்தது. பெயர் வருவதும் இதன் அடியில்தான். தான் செய்த இரண்டு வேலைகளில் மட்டமான வேலைக்கு.

அங்கிருந்து தன் அறைக்குத் திரும்பும்போது ஐஸ்காரி மெஷினைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வலது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்தது. குளிர்ந்த செம்பைத் தொட்டுத் தோல் உரிந்துவிட்டதாம்.

"பொறுமையில்லாம எடுத்துட்டேன். பரவாயில்லக்கா, ஆறிடும்" என்றாள். "ஒரு வாரம் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு தெரியுமா? சீவறப்போ மேல்பக்கம் போயிடுதோன்னு. அப்புறம் எனக்கே வெக்கமாப் போச்சு. உங்க கையைச் சந்தேகப்படறதுக்கு மெஷினையே இன்னொரு தடவை கழட்டலாம்னு கழட்டினேன். அப்பதான் இது."

வெள்ளியக்கா நேராகத் தன் அறைக்குப் போனாள். டிராயரைத் திறந்தாள். வலை இருந்த சின்னப் பெட்டியையும் அந்த ஒரு படத்தையும் எடுத்துக்கொண்டு வந்து ஐஸ்காரியின் முன்னால், பெட்டி மூடியின்மேல் வைத்தாள்.

ஐஸ்காரி படத்தைப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. அந்தச் சில நொடிகளை நினைத்து வெள்ளியக்கா பின்னால் பலநாள் பொறாமைப்பட்டாள், ஒரு படத்தைப் பார்த்து அவ்வளவு களங்கமில்லாமல் சந்தோஷப்பட முடிகிறதே என்று. பிறகு அந்த மலர்ச்சி மெல்ல நின்றது.

"இது எந்த ப்ளாக்?"

"அஞ்சாவது."

"அஞ்சாவதுல ஓட்டைதானே இருந்துச்சு?"

"உங்களுக்குக் கொடுத்தது இருபது சுத்துக்கு அப்புறம் எடுத்தது. இது முதல் சீவல்."

பக்கத்து அறையில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"மத்த ப்ளாக் எல்லாம்?"

"முதல் ப்ளாக் பழக்கத்துல போச்சு. சத்தியமா பழக்கம்தான். மத்தது பழக்கம் இல்ல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம், அழுதால் தானும் அழலாம் என்று இரண்டுக்கும் தயாராக நின்றாள். ஐஸ்காரி தன் கட்டுப்போட்ட விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். "ஆறு தடவை தேய்ச்சேன்" என்றாள். அக்கா என்ற சொல் அதில் இல்லை. வலையை எடுத்துக்கொண்டு நுண்ணோக்கி அறைக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நல்லதாகவே நடந்தது. ஐஸ்காரி பேராசிரியரிடம் ஒரு வார்த்தைகூடக் காட்டிக்கொடுக்கவில்லை. "ஒரு ப்ளாக் சரியா வந்திருக்கு சார்" என்று மட்டும் சொன்னாள். வண்டி திரும்பிப் போனது. கடன் இன்னும் ஆறு மாதம் நீண்டது. பேராசிரியர் இரண்டு நாள் நுண்ணோக்கி அறையிலேயே உட்கார்ந்து அந்தப் பதினாலு சீவல்களையும் பார்த்தார். மூன்றாம் நாள் தாமே ஏணி போட்டு நடைவழிப் படத்தை இறக்கினார், புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். அட்டையில் புதுப் படம் வந்தது. உள்பக்கத்தில், படம் யாருடைய ஆராய்ச்சி என்று எழுதி, அதன் அடியிலேயே, சீவி எடுத்தவர் என்று வெள்ளியக்காவின் முழுப்பெயர். எழுத்துப் பிழை இல்லை. ஐஸ்காரிதான் அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்தாளாம்.

கணவர் அந்தப் பக்கத்தை மூன்று தடவை வாசித்தார். நாத்தனார் கீழேயிருந்து ஏறி வந்து, "ஒரு புத்தகம் எனக்கும் கொடு அண்ணி, ஆபீஸ்ல காட்டணும்" என்று கேட்டாள். அவள் முகத்தில் ஒரு துளி பொறாமை தெரிந்தது. இதைப் பார்க்க வெள்ளியக்கா பதினைந்து வருஷம் காத்திருந்தாள். அந்தச் சந்தோஷம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்தான் தாங்கியது.

ஏனென்றால் ஐஸ்காரி அதற்கப்புறம் அவளிடம் ஒரு ப்ளாக்கும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவை உறைய வைத்தபோதும் கூடுதலாக இரண்டு மூன்று ப்ளாக்குகளை எடுத்து வைத்திருந்தாள். அவற்றைத் தானே சீவக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். காலையில் வந்ததும் வணக்கம் சொல்வாள், வெயிலைப் பற்றிப் பேசுவாள், கண்ணாடிப் பட்டை எங்கே வாங்குவது என்று கேட்பாள். வேலையை மட்டும் தரமாட்டாள். மற்ற லேப்காரர்கள் எப்போதும்போல வரிசையில் நின்று வெள்ளியக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மருந்தில் போட்ட ப்ளாக்குகள். மேல்பக்கத்தை யோசிக்காமல் எறிந்துவிடலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கதவின் கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். ஐஸ்காரி குனிந்து சீவிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் வந்ததெல்லாம் ஊதாவும் பச்சையும், குறுக்கே வரிவரியாக நடுக்கம் விழுந்த கோணல் சீவல்கள். இருபத்து மூன்று வருஷத்தில் வெள்ளியக்கா எத்தனையோ பேர்மேல் பொறாமைப்பட்டிருக்கிறாள். மோசமாகச் சீவுகிற ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்த வரிகளுக்குக் காரணம் அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ப்ளாக்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ கால் சுற்று லூஸ். அதை முடுக்கினால் வரி நின்றுவிடும். முதல் வரிசைச் செல்கள் வீணாகப் போய்க்கொண்டிருந்தன.

பொறுக்க முடியாமல் உள்ளே போனாள்.

"அந்த ஸ்க்ரூ கால் சுத்து லூசா இருக்கும்மா."

"அப்படியா? பாத்துக்கறேன், தேங்க்ஸ்" என்றாள் ஐஸ்காரி, கண்ணை எடுக்காமல்.

"இரு, நான் முடுக்கித் தரேன்" என்று வெள்ளியக்கா இன்னும் ஓர் அடி எடுத்து வைத்துக் கையை நீட்டினாள்.

ஐஸ்காரி நிமிரவில்லை. இடது கையைத் தூக்கி, விரல்களைச் சேர்த்து, ப்ளாக்கின்மேல் மூடி வைத்தாள். வெள்ளியக்கா வெளியே போய்க் கதவைச் சாத்தும் வரைக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது.